தங்கையின் தலை தீபாவளி, அடுத்துப் பொங்கல் சீர்: கடன் வாங்காமல் செய்வது எப்படி?

செக்காலை வாசி, காரைக்குடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இந்த வைகாசியில் என் தங்கையைத் தேவகோட்டையில் கட்டிக்கொடுத்தோம். அப்பா இல்லாததால் செய்முறைகள் யாவும் அண்ணனாகிய என் பொறுப்பில் வந்துவிட்டன. வரும் ஐப்பசியில் தலை தீபாவளி. தை பிறந்தால் முதல் பொங்கல் சீர். இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதம்தான் இடைவெளி.

நான் ஒரு மொத்த மருந்துக் கடையில் கணக்கெழுதுகிறேன். பிடித்தம் போக மாதம் 31,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைத்து ஏறத்தாழ 6,000 சேர்க்கிறார். வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருந்து, மளிகை எல்லாம் போக, இறுக்கிப் பிடித்தால் மாதத்துக்கு 8,000 மிஞ்சும். கல்யாணச் செலவு போக வங்கியில் 20,000 இருக்கிறது. தீபாவளிக்கு முன் இன்னும் நான்கு சம்பளம் வரும். தீபாவளியை ஒட்டிக் கடையில் 15,000 போனஸ் தருவார்கள்.

சித்தப்பாவும் அத்தையும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு அரைப் பவுன் மோதிரம், பட்டு வேட்டி, சட்டை; தங்கைக்குப் பட்டுச் சேலை; சம்பந்தி இருவருக்கும் நாத்தனாருக்கும் துணி; பலகாரம் ஏழு தட்டு; வெடி; விருந்து. இவற்றுக்கு 1,10,000 ஆகும் என்பது அவர்கள் மதிப்பீடு. பொங்கல் சீருக்கு 30,000 தனி. பணம் போதாது என்றதும் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். சித்தப்பா தமக்குத் தெரிந்த பைனான்சில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கடையில் உடன் வேலை பார்ப்பவர், கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணை இருக்கிறதே என்கிறார். மனைவியோ தன் சங்கிலியைக் கழற்றிக் கையில் கொடுத்து, வங்கியில் வையுங்கள் என்று சொல்லிவிட்டாள். அதை வாங்கிக்கொள்ள எனக்குத்தான் மனம் வரவில்லை.

சம்பந்தி வீட்டார் இதுவரை வாய்விட்டு எதையும் கேட்கவில்லை. அதுவே எனக்கு அச்சமாகவும் இருக்கிறது. கேட்காதவர்களுக்கு எவ்வளவு செய்தால் போதும் என்று எப்படித் தெரியும்? தங்கை அங்கே தலைகுனிய நேராமலும், நான் கடனில் விழாமலும் இதை நடத்திக்கொள்ள வழி சொல்லுங்கள்.


பழைய கணக்கர், தேவகோட்டை

தம்பி, நான் கூட்டுறவு வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். முதலில் கடனின் விலையைப் பார்த்துவிடுவோம், பிறகு சீரைப் பார்க்கலாம்.

தீபாவளிக்குள் நான்கு சம்பளத்தில் 32,000, கையிருப்பு 20,000, ஆக 52,000 உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள். இருக்காது. கல்யாணத்தில் வந்த மொய் நோட்டைத் திறந்து பாருங்கள். ஆவணி முகூர்த்தங்கள் வருகின்றன. உங்கள் வீட்டுக்கு எழுதியவர்களில் நாலைந்து பேர் வீட்டிலாவது விசேஷம் இருக்கும், அவர்கள் எழுதியதற்குக் குறையாமல் நீங்கள் திருப்பி எழுத வேண்டும். மொய்ப் பணம் வருமானம் அன்று, நாள் குறிக்காத கடன். அதற்கு முன்னால் ஆடி பிறக்கிறது. புதுப்பெண்ணை அழைத்து வந்து ஒரு சேலையாவது எடுத்துக் கொடுப்பீர்கள். இந்த இரண்டுக்கும் சேர்த்து 10,000 ஒதுக்குங்கள். ஆகவே தீபாவளிக்கு உங்களிடம் உள்ள தொகை 42,000. அந்தத் தொகையைத் தாளின் தலையில் எழுதிவிட்டு அதன் கீழே பொருள்களை எழுத வேண்டும். உங்கள் சித்தப்பா பொருள்களை முதலில் எழுதி, தொகையைக் கடைசியில் கூட்டியிருக்கிறார். அப்படி எழுதும் பட்டியல் எந்த வீட்டிலும் குறைவாக முடிந்து நான் பார்த்ததில்லை.

குறைகிற 68,000-ஐ 70,000 என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு இரண்டு என்பது கேட்பதற்குச் சிறிதாக இருக்கிறது. ஆண்டுக்கு 24 விழுக்காடு என்று சொன்னால் யாரும் யோசிப்பார்கள். மாதம் 1,400 வட்டி. முதலைச் சிறிது சிறிதாகக் கட்டினாலும் வட்டியை முழு முதலுக்கே போடும் இடங்கள் உண்டு. அப்படியானால் பத்து மாதத்தில் 14,000 வட்டியாகவே போய்விடும், அது உங்கள் பொங்கல் சீரில் ஏறத்தாழப் பாதி. அதைவிடக் கெடுதல் இன்னொன்று இருக்கிறது. கார்த்திகையிலும் மார்கழியிலும் மிஞ்சும் 8,000 தவணைக்குப் போய்விடுமாதலால், தைச் சீருக்குக் கையில் ஒன்றும் நிற்காது. அதற்கு இரண்டாவது கடன் வாங்க வேண்டியிருக்கும். சீர் செய்து நொடித்தவர்கள் பெரும்பாலும் முதல் கடனால் நொடிப்பதில்லை.

கார்டைப் பற்றி. வட்டியில்லாத் தவணை என்று ஒன்று உண்மையில் கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. வட்டிக்குச் சமமான தொகையைக் கடைக்காரர் விலையில் தள்ளுபடியாகக் காட்டுவார்; வங்கி வட்டியைப் போடவே செய்யும்; அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும், பல சமயம் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். இதையாவது தாங்கிக்கொள்ளலாம். ஒரு மாதம் முழுத் தொகையைக் கட்ட முடியாமல் ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டினீர்களானால், மீதிக்கு மாதம் மூன்று முதல் மூன்றே முக்கால் விழுக்காடு வரை வட்டி ஓடும். அதோடு, அதன் பிறகு கார்டில் வாங்கும் மளிகைக்குக்கூட வட்டியில்லா நாள்கள் கிடையாது.

வங்கி நகைக்கடன் இம்மூன்றிலும் வட்டி குறைந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஓராண்டு முடிவில் முதலும் வட்டியும் மொத்தமாகக் கட்ட வேண்டிய கடனாகவே பெரும்பாலும் தருவார்கள். மாதத் தவணை இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிட்டு, அடுத்த ஐப்பசியில் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைப்பவர்களை என் மேசைக்கு முன்னால் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். மருத்துவச் செலவு வந்தால் கழற்ற வேண்டிய சங்கிலி அது. மோதிரத்துக்காகக் கழற்ற வேண்டாம்.

நம் ஊர்ப் பக்கத்தில் இதற்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை ஒரே வளவுக்குள் ‘வேறு வைப்பார்கள்’. கூரை ஒன்று, அடுப்பும் கணக்கும் தனி. எவ்வளவு பெரிய வீடானாலும் புதுக் குடும்பம் தனக்கென ஒதுக்கியதற்குள் செலவைச் செய்து, பேரேட்டில் பற்று வரவு எழுதப் பழக வேண்டும். ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்தவர்கள் வட்டியின் குணத்தை அறிந்தவர்கள். வட்டியை வாங்கும் பக்கத்தில் இருப்பதைத்தான் அவர்கள் விரும்பினார்கள்.


பள்ளத்தூர் ஆச்சி

நான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து, ஒரு மருமகளையும் எடுத்தவள். கொடுக்கும் பக்கமும் தெரியும், வாங்கும் பக்கமும் தெரியும். கணக்கர் ஐயா எழுதியது சரி. ஆனால் எதைக் குறைப்பது என்பதைப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.

தம்பி, அந்தப் பட்டியலில் முறை எது, சித்தப்பாவின் பெருமை எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையையும் பெண்ணையும் நேரில் போய் அழைப்பதும், எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்துப் புதுத்துணி கொடுப்பதும், விருந்து போடுவதும், திரும்பும்போது பலகாரம் கொடுத்து அனுப்புவதும் முறை. மோதிரம் நிச்சயதார்த்தத்திலேயே போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் இரண்டாவது மோதிரத்துக்கு எந்த வீட்டிலும் முறை கிடையாது. தங்கம் விற்கும் விலையில் அரைப் பவுன் மோதிரமே உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும்; அதை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் கைக்குள் வந்துவிடும். அம்மாவுக்கு மனசு கேட்காமல், அவரிடம் அறுந்த தோடோ திருகாணி போன மூக்குத்தியோ இருந்து, அதைப் போட்டு மோதிரமாக மாற்றலாம் என்று அவரே சொன்னால் செய்யுங்கள். அப்போதும் செய்கூலி, சேதாரம், 3 விழுக்காடு ஜிஎஸ்டி ஆகியவற்றுக்குக் கையிலிருந்து பணம் வேண்டும். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்பதால், இரண்டு கிராமுக்குச் சற்று மேலாகவே செய்து, முத்திரையோடு வாங்குங்கள். பின்னாளில் மாற்றும்போது பேச்சுக்கு இடமிருக்காது.

துணியில் ஒரு யோசனை. பெண்ணிடம் கல்யாணப் பட்டு இரண்டு மூன்று இருக்கும், அவற்றை இன்னும் ஒரு முறைக்கு மேல் கட்டியிருக்க மாட்டாள். தீபாவளிக்குக் காரைக்குடிக் கண்டாங்கி எடுத்துக் கொடுங்கள். புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்த பிறகு சென்னையிலும் பெங்களூரிலும் இளம்பெண்கள் தேடிக் கட்டுகிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்குத்தான் பருத்தி என்றால் இளக்காரம். சம்பந்தியம்மாவுக்கும் அதையே எடுக்கலாம். விலை பட்டின் விலையில் சிறு பங்குதான்.

பலகாரம் ஏழு தட்டு எதற்கு? தட்டு நிறையத் தெரிய வேண்டும் என்பதற்காக இனிப்புக் கடையில் கிலோக் கணக்கில் வாங்கினால், அது அங்கே போய் நாலு வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். யார் கொடுத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டிலேயே அதிரசம், தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம் என்று நாலு வகை செய்யுங்கள். அதிரச மாவைச் சுடுவதற்கு நாலைந்து நாள் முன்பே பாகு போட்டு வைத்துவிட வேண்டும். அடுப்பில் நிற்க ஆள் இல்லையென்றால், வீட்டில் வைத்துச் செய்து கொடுக்கும் பெண்கள் காரைக்குடியில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்; அரிசியும் வெல்லமும் எண்ணெயும் நீங்கள் வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் பேசிக்கொண்டால் குறையும். ஆனால் புரட்டாசியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள், ஐப்பசி பிறந்த பின் யாரும் கை கொடுக்க மாட்டார்கள். அட்டைப் பெட்டிக்குப் பதிலாகப் பனையோலைக் கொட்டானில் வைத்துக் கொடுங்கள். நம் ஊர்ச் சடங்குகளில் ஆச்சிமார் கையில் இருப்பது அதுதானே. பலகாரம் தீர்ந்த பின்னும் கொட்டான் அந்த வீட்டில் பல ஆண்டு இருக்கும்.

வெடிக்குப் பணத்தைக் கரியாக்காதீர்கள். 2018 முதல் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என இரண்டு மணி நேரம்தான் அனுமதி. அதற்குள் வெடிக்கக்கூடியதை மட்டும் வாங்கினால் போதும்.

இனிமேல்தான் முக்கியமானது. சம்பந்தி கேட்காததற்கு அஞ்சுகிறீர்கள். உங்கள் தங்கையிடம் சொல்லியனுப்பாதீர்கள். அவளை நடுவில் நிறுத்துவது அவளுக்குத் துன்பம். உங்கள் அம்மாவே சம்பந்தியம்மாவிடம் போனில் பேசட்டும்: “கல்யாணம் முடிந்த ஆண்டு, பிள்ளை ஒருவனாக நின்று செய்கிறான், துணியும் பலகாரமுமாக நிறைவாகச் செய்கிறோம், உங்கள் வீட்டில் விசேஷமாக ஏதாவது முறை இருந்தால் சொல்லுங்கள்” என்று அவரிடம் கேட்கலாம். நான் மாமியாராக இருந்து சொல்கிறேன், முன்கூட்டியே பேசிவிட்டால் தட்டில் எது இருக்கிறது, எது இல்லை என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.


கோட்டையூரான், சிங்கப்பூர்

எல்லாரும் குறை, குறை என்கிறீர்கள். தலை தீபாவளி வாழ்க்கையில் ஒரு முறை. புதுப்பெண்ணுக்கு அன்று பருத்திச் சேலையா? ஆச்சி சொல்வதை மாமியாருக்கு ஏற்கலாம், மணப்பெண்ணுக்கு ஏற்க முடியாது. சேர்ப்பதற்கு வழி பாருங்கள்: தீபாவளிச் சீட்டு இருக்கிறது, நகைக்கடை மாதத் திட்டம் இருக்கிறது. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி ஆவணியில் மொய் விருந்து வைத்தே இலட்சக் கணக்கில் திரட்டுகிறார்களே.


பழைய கணக்கர், தேவகோட்டை

சேலையைப் பற்றி ஆச்சியே பதில் சொல்லட்டும். மற்றவற்றுக்கு நான் சொல்கிறேன்.

மொய் விருந்து அந்த ஊர்களில் தலைமுறையாக எழுதி வரும் நோட்டை நம்பி நடக்கிறது. முன்னால் எழுதியவருக்குத்தான் திரும்ப வரும். நோட்டில் பெயரே இல்லாத ஒருவர் காரைக்குடியில் பந்தல் போட்டால், விருந்துச் செலவுதான் மிஞ்சும். வந்த பணத்தையும் கூட்டித் திருப்ப வேண்டும்.

சீட்டு என்றால், 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவாளரிடம் முன் அனுமதி பெற்றுப் பதிவு செய்த சீட்டா என்று முதலில் கேளுங்கள். பதிவான சீட்டிலும் நடத்துபவர் 7 விழுக்காடு வரை கமிஷன் எடுத்துக்கொள்ளலாம். வெடி, இனிப்பு, எவர்சில்வர்ப் பாத்திரம் தருகிறோம் என்று மாதா மாதம் அட்டையில் கையெழுத்துப் போட்டு வசூலிக்கும் தீபாவளிச் சீட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பதிவே இருக்காது. ஐப்பசி வரும்போது கடை பூட்டியிருந்தால், அட்டையை வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் போன பணம் கைக்கு வர ஆண்டுகள் ஆகும்.

நகைக்கடைத் திட்டங்கள் ஏன் பதினோரு மாதத்தில் முடிகின்றன என்று பலர் கேட்பார்கள். பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகத் தராவிட்டால் அது வைப்புத்தொகை ஆகிவிடும் என்று 2014-இன் நிறும விதிகள் சொல்வதே காரணம். நமக்கோ நான்கு மாதம்தான் இருக்கிறது; இந்த ஆண்டுக்கு அது உதவாது. அடுத்த ஆண்டு வளைகாப்போ பேறுகாலச் செலவோ வரலாம், அதற்குத் தை முதல் வங்கியில் மாதம் 3,000 வீதம் ஓராண்டுத் தொடர் வைப்பு தொடங்குங்கள். அஞ்சலகத் தொடர் வைப்பு நல்லதுதான், ஆனால் ஐந்தாண்டுக் கணக்கு, சீருக்கு ஒத்துவராது. இந்த நான்கு மாதத்துக்கு மட்டும், சம்பளம் ஏறும் நாளிலேயே 8,000-ஐ ஏடிஎம் அட்டை இல்லாத வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேர்ப்போம் என்றிருந்தால் மிஞ்சாது.


செக்காலை வாசி, காரைக்குடி

கணக்கர் ஐயாவுக்கும் ஆச்சிக்கும் நன்றி. கோட்டையூர் அண்ணன் கோபத்தில் இருக்கும் பாசமும் புரிகிறது.

அம்மா நேற்றுச் சம்பந்தியம்மாவிடம் பேசினார்கள். மோதிரத்தைப் பற்றி அவர்கள் நினைக்கவே இல்லையாம். மாப்பிள்ளை கையில் நிச்சயத்தன்று போட்ட மோதிரமே இறுகிப்போய்க் கிடக்கிறதாம், அதைப் பெரிதாக்கிக் கொடுத்தால் போதும் என்று சிரித்தார்களாம். அவர்கள் வீட்டில் கேட்ட ஒரே முறை, மாப்பிள்ளையின் அப்பத்தாவுக்கு ஒரு சேலை. அது எங்கள் பட்டியலிலேயே இல்லை.

அதன்பின் 42,000-ஐ மேலே எழுதிவிட்டுக் கீழே எழுதினேன். அப்பத்தா சேலையும் சேர்த்துத் துணிக்கு 22,000, பலகாரத்துக்கு 6,000, விருந்துக்கு 4,000, எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் 5,000, மோதிரத்தைப் பெரிதாக்கவும் எதிர்பாராததற்கும் 5,000. போனஸ் 15,000-ஐத் தீபாவளியில் தொடாமல், அடுத்த இரண்டு மாத மிச்சம் 16,000-உடன் சேர்த்துப் பொங்கலுக்கு வைக்கிறேன், 31,000 ஆகிறது. போனஸ் குறைந்தால் சீரையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான் அல்லவா? துணியை எங்கே, எப்போது எடுப்பது நல்லது என்றும் சொல்லுங்கள்.


பள்ளத்தூர் ஆச்சி

போனஸ் வந்த பிறகே பொங்கல் பட்டியலைத் தொடுங்கள், தம்பி. பானை, அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், தேங்காய்; இவைதாம் சீர். பாத்திரம் புதிதாக வாங்குவதற்கு முன் அம்மாவின் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். நம் பாட்டிமாருக்குச் சீராக வந்த பித்தளைப் பானைகளை எடைக்குப் போட்டுவிட்டோம். இப்போது முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வெளிநாட்டுக்காரர்கள் விலை கேட்கிறார்கள். ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தால் ஈயம் பூசிப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுங்கள், எவர்சில்வரைவிட நன்றாக இருக்கும்.

துணிக்குக் கோ-ஆப்டெக்ஸ் பாருங்கள். தீபாவளிக்கு ஆண்டுதோறும் 30 விழுக்காடு தள்ளுபடி தருவார்கள். கடைசி வாரத்தில் போனால் நல்ல நிறமெல்லாம் போயிருக்கும், புரட்டாசியிலேயே எடுத்துவிடுங்கள். கோட்டையூர்த் தம்பிக்கும் குறை வேண்டாம்: பெண்ணுக்கு அங்கேயே கரை சிறுத்த மென்பட்டு ஒன்று எடுங்கள், கண்டாங்கி மற்றவர்களுக்கு இருக்கட்டும், 22,000-க்குள் அடங்கும். விருந்துக்கு வைத்த 4,000-இல் மாப்பிள்ளை தட்டில் வைக்கும் பணத்தை மறந்துவிட்டீர்கள். எதிர்பாராததற்கு வைத்ததிலிருந்து 2,001 எடுத்து இப்போதே ஓர் உறையில் போட்டு அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.